கத்தியை ஒளித்து வைத்த நாட்கள்

என் அப்பாவும் அம்மாவும் இந்தியாவுக்குப் போன வருஷம் நான் ஐந்து மாதக் கர்ப்பிணியாக இருந்தேன். அறுபதுகள் தொடங்கியிருந்த காலம். இலங்கைப் பிரஜாவுரிமைக்கு அப்பா கொடுத்த மனு தள்ளுபடியாகித் திரும்பி வந்துவிட்டது. திருச்சிப் பக்கத்து ஊரிலிருந்து பெரியப்பா, நிலம் சும்மா கிடக்கிறது, வந்துவிடு என்று கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டார். கொத்மலைப் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருஷம் ஆள்பதிவில் இருந்த பேரை வெட்டிக்கொண்டு, அப்பா கிளம்பிவிட்டார். போகிற வழியில் என் வீட்டில் இரண்டு நாள் தங்கினார்கள். பிறகு றொசல்ல ஸ்டேசனில் ரயிலேறினார்கள்.

அன்றைக்கு நல்ல மழை. அம்மா ரயில் ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, "தலப்பிரசவத்துக்குப் பக்கத்துல இல்லாம போறேனே, தாயி. மாமி சொல்றதக் கேட்டு நடந்துக்க. பாரம் தூக்காத" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். ரயில் போன பிறகு என் கணவர், "வா புள்ள, போவோம்" என்றார். நான் நடக்க ஆரம்பித்தேன். எங்கள் லயம், தோட்டத்து வரிசை வீடு, வந்தது. நான் நிற்கவில்லை. லயத்தைத் தாண்டி, கடைசி லயம் வரைக்கும் போய், அங்கிருந்து திரும்பி வந்து, மறுபடியும் போனேன். அவர் குடையோடு பின்னால் வந்து, "எங்க போற?" என்று கேட்டார். எனக்கே தெரியவில்லை.

அன்றைக்குப் பிடித்தது அந்த ஓட்டம். மலையில் கொழுந்து எடுக்கும்போது தெரியாது. கை ஓடிக்கொண்டே இருக்கும், கூடை நிரம்பும். வீட்டுக்கு வந்தால்தான் தொல்லை. உட்கார்ந்தால் நெஞ்சுக்குள் ஏதோ எழுந்திரு எழுந்திரு என்று தள்ளும். ஞாயிற்றுக்கிழமைகளில் இஸ்தோப்பை நாலு தடவை கூட்டுவேன். லயத்தில் எங்கள் ஓரறை வீடான காம்பராவுக்கு முன்னால் இருக்கிற அந்தச் சின்னத் தாழ்வாரத்தில் கூட்டுவதற்கு என்ன இருக்கிறது? மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடிப்பேன். என் மாமியார் சுருட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துச் சிரிப்பாள். "என்னாடி, கால்ல சக்கரம் கட்டியிருக்கியா? வயித்துல ஆம்பளப் புள்ளதான். அதான் ஒன்ன ஒக்கார விடாம வெரட்டுறான்."

அவள் கெட்டவள் இல்லை. விடியற்காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போகுமுன் எனக்குத் தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டுத்தான் போவாள். ஆனால் எனக்கு என்ன செய்கிறது என்று அவள் கேட்டதில்லை. யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் நான் என்ன சொல்லியிருப்பேன்? அம்மா ஞாபகம் என்று சொல்லியிருப்பேன். அது பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை.

அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள் நான். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, அப்பாவுக்கும் கண் சரியில்லை. அந்த ஊரில் தபால் கொண்டு வருகிறவரே திண்ணையில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக் காட்டுவாராம், அக்கம்பக்கத்தாரெல்லாம் கூடிக் கேட்பார்களாம். அம்மாவே யாரையோ கொண்டு அப்படி எழுதி அனுப்பியிருந்தாள். அதற்குப் பிறகு என் கடிதங்களில், நாங்கள் நல்ல சுகம், உங்கள் சுகத்துக்குப் பதில் எழுதவும், என்பதைத் தவிர வேறு ஒன்றும் இருக்காது.

பெண் குழந்தை பிறந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில், பகல் பதினொரு மணி போல, அதிகக் கஷ்டம் இல்லாமல். பிரசவம் பார்த்தது தோட்டத்து மருத்துவிச்சி. கொத்மலைப் பக்கத்துச் சிங்களக் கிராமத்துக்காரி. நாற்பது வயதிருக்கும். வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, ரப்பர் சப்பாத்து. நாங்கள் மரியாதையாக நோனா என்றுதான் கூப்பிடுவோம். பதினைந்து வருஷமாக லயங்களில் ஏறி இறங்கி எங்கள் தமிழைக் கற்றுக்கொண்டவள். "பொம்பள புள்ள. நல்ல சத்தம். கேளு" என்று குழந்தையை என் நெஞ்சில் வைத்தாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை இப்போதும் எனக்கே நான் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. முதல் நாள் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

முதல் பத்துப் பன்னிரண்டு நாள் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். மிளகும் சுக்கும் இடித்து மாமியார் மருந்து கொடுத்தாள். பக்கத்துக் காம்பரா அக்கா பிள்ளைத் துணிகளை வாங்கிக்கொண்டு போய், ஓடைத் தண்ணீர் விழுகிற பீலியில் அலசிக் கொண்டு வந்தாள். அவளுக்கு மூன்று பிள்ளைகள். என்னைவிட ஆறேழு வயது மூத்தவள். எங்கள் இரண்டு காம்பராவுக்கும் நடுவில் இருந்த சுவர் கூரை வரைக்கும் போகாது. அங்கே இருமினால் இங்கே கேட்கும். என் பிள்ளை அழுதால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே, "பால் குடு, பால் குடு" என்று குரல் கொடுப்பாள்.

மூன்றாவது வாரம். என் கணவர் கவ்வாத்துக் கோஷ்டியில் இருந்தார். தேயிலைச் செடிகளை இடுப்பளவுக்குக் கீழே வெட்டிவிடுகிற வேலை. அதற்கென்று ஒரு கத்தி உண்டு, முழங்கை நீளம், முனை கொஞ்சம் வளைந்திருக்கும். வேலை விட்டு வந்து இஸ்தோப்பில் உட்கார்ந்து, கல்லில் தண்ணீர் தெளித்து அதைத் தீட்டுவார். பிள்ளை பக்கத்தில் பாயில் கிடந்தாள். நான் வாசற்படியில் நின்றேன். அப்போதுதான் அது வந்தது. ஒரு படம் போல. குரல் இல்லை, ஆசை இல்லை, கோபம் இல்லை. என் கையில் அந்தக் கத்தி, பாயில் என் பிள்ளை. அதற்கு மேல் எழுத மாட்டேன்.

ஓடிப் போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். "என்னா? சாரல் அடிக்குதா?" என்று அவர் கேட்டார். "ஆமாங்க" என்றேன்.

ஒரு தடவை வந்ததும் அதற்கு வழி தெரிந்துவிட்டது. குளிப்பாட்ட வெந்நீர் விளாவினால் வந்தது. பீலிக்கு இறங்குகிற கல்படியில் பிள்ளையோடு நின்றால் வந்தது. அடுப்பைப் பார்த்தால் வந்தது. கை வலிக்கிறது என்று சொல்லிக் குளிப்பாட்டுகிற வேலையை மாமியாரிடம் கொடுத்தேன். படியில் இறங்குவதை விட்டேன். பால் கொடுக்கிற நேரம் தவிரப் பிள்ளையைத் தொடவில்லை. அவள் மார்பில் இருக்கும்போது மட்டும் நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் உறங்கினால், மூச்சு இருக்கிறதா என்று பார்க்கப் பத்துத் தடவை போவேன். போனால் படம் வரும், உடனே வெளியே ஓடி வருவேன். உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே. சோறு இறங்கவில்லை. தூக்கம் என்பதே மறந்து போயிற்று. அழுகை வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதுவும் வரவில்லை.

கத்தியை ஒளித்து வைக்க ஆரம்பித்தேன். முதலில் விறகுக்கு அடியில். அவர் தேடிக் கண்டுபிடித்துவிட்டார். அடுத்தது கூரைத் தகரத்துக்கும் மரத்துக்கும் இடையில். அன்றைக்குக் கத்தி இல்லாமல் பெரட்டுக்குப் போனார். கணக்கப்பிள்ளை, "கத்தியில்லாம கவ்வாத்துக்கு வந்து மலைய வேடிக்க பாக்கவா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். என் கணவர் மழையில் நனைந்து வந்து வீட்டைத் தலைகீழாகப் புரட்டினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் வெளியே போனதும் கத்தியை எடுத்து, தேடிய இடத்திலேயே போட்டேன். "இங்கதான் கெடந்திச்சா? எனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் லயத்துக்குப் பின்னால் எங்கள் காய்கறிப் பாத்தியில் சவ்சவ்க் கொடிப் பந்தலுக்கு அடியில் மண்ணைத் தோண்டிப் புதைத்தேன். இந்த முறை எடுத்துக் கொடுக்கவில்லை. அவருக்கு இரண்டு நாள் வேலை போயிற்று. மூன்றாம் நாள் அவர் பக்கத்துக் காம்பராக்காரரிடம் போய், "எங்க கத்திய பாத்தீங்களாண்ணே?" என்று கேட்டார். கேட்ட விதம் சரியில்லை. பக்கத்துக் காம்பரா அண்ணனும் கவ்வாத்துக்காரர்தான். "என்னா கேக்குற? நான் களவாண்டேன்னு கேக்குறியா?" என்று அவர் எழுந்தார். சத்தம் பெரிதாகி, லயமே வாசலில் கூடிவிட்டது. கங்காணி வந்து இரண்டு பேரையும் பிடித்துத் தள்ளினார்.

நான் உள்ளே நின்றிருந்தேன். ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். வாயைத் திறந்தேன். கத்தியை ஏன் புதைத்தாய் என்று கேட்பார்களே. திறந்த வாயை மூடிக்கொண்டேன். மறுநாளிலிருந்து பக்கத்துக் காம்பரா அக்கா என் பிள்ளைத் துணியை வாங்க வரவில்லை. பிள்ளை அழுதபோது சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

மாமியாருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "இவ பெத்தவ மாதிரியா இருக்கா? கண்ண பாரு. ஸ்டேசன்ல மழைல நின்னப்ப வெளிக்காத்து பட்டிருக்கு" என்று மகனிடம் சொல்லி, என்னை மாரியம்மன் கோயில் பூசாரியிடம் கூட்டிப் போனாள். அவர் உடுக்கடித்து, எலுமிச்சம்பழம் சுற்றி, கையில் கயிறு கட்டினார். நல்ல மனுசன். என் தலையில் கை வைத்து, "அம்மா இருக்கா, பயப்படாத" என்றபோது எனக்கு ஒரு நிமிஷம் அந்த ஓட்டம் நின்றது. வீட்டு வாசலுக்கு வரும்போது மறுபடி தொடங்கிவிட்டது. பிறகு கயிற்றைத் திருகிக்கொண்டே நடந்தேன். மணிக்கட்டு புண்ணானது.

மருத்துவிச்சி நோனா வாரத்துக்கு ஒரு தரம் லயத்துக்கு வருவாள். ஆறாவது வாரமாக இருக்கலாம். பிள்ளையைத் துணியில் கட்டித் தராசில் தொங்கவிட்டுப் பார்த்தாள். நல்ல நிறை என்றாள். பிறகு பிள்ளையை என்னிடம் நீட்டினாள். நான் வாங்காமல், "மாமிகிட்ட குடுங்க நோனா" என்றேன். அவள் என் கையைப் பார்த்தாள். கயிற்றையும் புண்ணையும் பார்த்தாள். மாமியாரிடம், "நீ போயி தண்ணி சுட வையி. எனக்கு தேத்தண்ணி வேணும்" என்று சொல்லிவிட்டு, பிள்ளையைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு பலகையில் உட்கார்ந்தாள்.

"ஒனக்கு புள்ளைய பாத்தா பயமா?"

இவ்வளவு நாளில் என்னை யாரும் கேட்காத கேள்வி. நான் தலையாட்டினேன்.

"புள்ள செத்து போகும்னு பயமா? இல்ல, நீ என்னமாச்சும் செஞ்சிருவேன்னு பயமா?"

தரையில் உட்கார்ந்தேன். கத்தியைப் பற்றிச் சொன்னேன். வெந்நீர், கல்படி, அடுப்பு எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே, இப்போது இவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விடுவாள், தோட்டத்துத் துரையிடம் சொல்லுவாள், கொழும்புப் பக்கத்துப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு என்னைக் கொண்டு போவார்கள் என்று நினைத்தேன். அவள் பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"அனே" என்றாள் மெதுவாக, ஐயோ பாவம் என்கிற மாதிரி. "நெனப்பு வருது. சரி. கை வருதா?"

"இல்ல நோனா."

"கத்திய பாத்தா நீ என்ன செய்யற?"

"ஒளிச்சு வைக்கிறேன்."

"அப்ப நீதானே புள்ளைய காப்பாத்துறது. இது ஒரு வருத்தம், சீக்கு மாதிரி. புள்ள பெத்தவங்களுக்கு வாறது. நான் இந்த தோட்டத்துல பாத்திருக்கேன். எங்க கிராமத்துல பாத்திருக்கேன். எங்க சொந்த அக்காவுக்கு வந்திச்சு. யாரும் சொல்ல மாட்டாங்க. பய வென்ன எப்பா."

பயப்படாதே என்று அவள் மொழியில் சொன்னதுதான் அது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அடக்க முடியாத அழுகை. மாமியார் தேத்தண்ணியோடு வந்து திகைத்து நின்றாள். நோனா தேத்தண்ணியை வாங்கிக் குடித்து முடிக்கும் வரை எழுந்திருக்கவில்லை. போகும்போது, "ஒன் புருசன்கிட்ட நீதான் சொல்லணும். நான் சொன்னா சரியில்ல. நாளைக்கு நான் வந்து கேப்பேன்" என்றாள்.

அவர் வேலை விட்டு வந்து தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுத்தபோது சொன்னேன். கத்தி எங்கே இருக்கிறது என்பதை முதலில் சொன்னேன். ஏன் என்பதைப் பிறகு சொன்னேன். அவர் கோப்பையைக் குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

"இப்பவும் வருதா?"

"வருதுங்க."

"நான் பக்கத்துல இருக்குறப்பவுமா?"

"ஆமாங்க."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து போய்ச் சவ்சவ்ப் பந்தலுக்கு அடியில் தோண்டினார். கத்தி துருப்பிடித்திருந்தது. அதைச் சாக்கில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பக்கத்துக் காம்பரா வாசலில் போய் நின்றார். எனக்குக் கேட்டது. "அண்ணே, கத்தி எங்க வீட்டுலயேதான் இருந்திருக்கு. நான்தான் ஒழுங்கா தேடாம ஒங்கள கேட்டுப்புட்டேன். மன்னிச்சிக்கங்க." என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. அங்கிருந்து அப்படியே மேட்டு லயத்துக்கு நடந்து போய், தன் சிநேகிதர் ஒருவர் வீட்டில் கத்தியை வைத்துவிட்டு வந்தார். அடுத்த எட்டொன்பது மாதம் காலையில் பெரட்டுக்குப் போகுமுன் மேட்டு லயத்துக்கு ஏறிக் கத்தியை எடுத்துக்கொண்டு போவார், மாலையில் மறுபடி ஏறி வைத்துவிட்டு வருவார். அரை மைல் ஏற்றம். அந்தப் பக்கத்து மழை உங்களுக்குத் தெரியாது. ஒரு நாளும் அதைப் பற்றி என்னிடம் பேசியதில்லை, ஒரு நாளும் குத்திக் காட்டியதில்லை.

சொல்லிவிட்டேன், சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. நாலு நாள் கொஞ்சம் தேவலாம் போல இருந்து, மறுபடி பிடித்துக்கொண்டது. தோட்டத்து டிஸ்பென்சரியில் ஒரு போத்தல் டானிக் கொடுத்தார்கள். அதைக் குடித்துவிட்டு நடந்தேன். நோனா, "இது நம்ம மருந்துல நிக்காது" என்று, டவுனில் இருந்த அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகத் துண்டுச் சீட்டு எழுதி வாங்கிக் கொடுத்தாள்.

முதல் தடவை என் கணவரும் நானும் போனோம். நோனாவுக்கு அன்றைக்கு ஒரு பிரசவம். ரயிலில் அட்டனுக்குப் போய், அங்கிருந்து பஸ். ஆஸ்பத்திரி வரிசை வாசலைத் தாண்டி ரோட்டுக்கு வந்திருந்தது. நான் ஓர் இடத்தில் நிற்க முடியாமல் வரிசையை விட்டு விட்டுப் போய் வந்தேன். பின்னால் நின்றவர்கள் திட்டினார்கள். எங்கள் முறை வந்தபோது, டாக்டர் மேசைக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். நிமிராமலே, "என்ன செய்யுது?" என்று கேட்டார். ஏழெட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். "தலையிடிங்க" என்றேன். வெள்ளை வில்லை ஆறு கொடுத்தார்கள். திரும்பி வரும்போது ரயிலில் என் கணவர், "சொல்லலியா?" என்று மட்டும் கேட்டார். நான் ஜன்னல் பக்கத்திலிருந்து எழுந்து கதவுப் பக்கம் போனேன். அவர் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். நான் எங்கே நின்றாலும் அங்கே வந்து நின்றார்.

நோனா கேட்டுவிட்டு அலுத்துக்கொண்டாள். அடுத்த தடவை லீவு போட்டுக்கொண்டு தானே வந்தாள். வெள்ளைச் சேலையும் குடையுமாக வரிசையைத் தாண்டி உள்ளே போய், டாக்டரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னாள். எல்லோரையும் பார்த்து முடித்த பிறகு வரச் சொன்னார். மத்தியானம் ஒன்றரை மணிக்கு, கூட்டம் கலைந்த அறையில், நாங்கள் மூன்று பேர்.

"இப்ப சொல்லும் பிள்ளை. ஒருத்தரும் இல்லை" என்றார்.

சொன்னேன். நோனா முதல் ஆள், கணவர் இரண்டாவது ஆள். இவர் மூன்றாவது ஆள். சொல்லச் சொல்ல வார்த்தைகள் தேய்ந்து கொஞ்சம் இலேசாயின. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு, "உமக்கு விசர் இல்லைப் பிள்ளை, விளங்குதோ?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. விசர் என்ற சொல்லை நான் அதற்கு முன் கேட்டதில்லை. நோனாவைப் பார்த்தேன். அவள் என் காதில், "விசர்னா பிஸ்ஸு. ஒனக்கு பிஸ்ஸு இல்லன்னு சொல்றாரு" என்றாள். பிஸ்ஸு என்றால் பைத்தியம்; யாழ்ப்பாணத் தமிழை எனக்குச் சொல்லித் தர ஒரு சிங்களப் பெண். டாக்டர் சிரித்துவிட்டார். எனக்கும், எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, சிரிப்பு வந்தது.

அவர் இரண்டு வகை வில்லை எழுதினார். முதலில் தூக்கம் வர வேண்டும், பிள்ளையைக் கொஞ்ச நேரம் மாமியார் பார்த்துக்கொள்ளட்டும், பகலில் தனியாக இருக்கக் கூடாது, பதினைந்து நாளுக்கு ஒரு தரம் இதே நேரத்துக்கு வர வேண்டும் என்றார். "வந்து என்ன செய்யணுங்க?" என்று கேட்டேன். "இண்டைக்குச் சொன்ன மாதிரிச் சொல்ல வேணும். நான் கேக்கிறன்" என்றார்.

பதினைந்து நாளுக்கு ஒரு தரம் போனேன். பல தடவை நோனா வந்தாள், மற்ற நேரம் கணவர். ஒரு தடவை டாக்டர் இல்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலுக்கும் பஸ் நிற்கிற இடத்துக்கும் எத்தனை தடவை நடந்தேனோ. ஒரு தடவை அவர் கோபத்தில் இருந்தார், பாதியில் அனுப்பிவிட்டார். எல்லாம் நேர்கோட்டில் நடக்கவில்லை. வில்லை போட்டால் நாக்கு வறண்டு, மலையில் கூடையோடு தலை சுற்றும். விட்டால் மறுபடி கால் ஓடும்.

பகலில் தனியாக இருக்கக் கூடாது என்று சொன்னார்களே, யாரிடம் போவது? மாமியார் மலைக்குப் போய்விடுவாள். ஒரு நாள் பக்கத்துக் காம்பரா அக்கா தானாகவே வாசலில் வந்து நின்றாள். அவள் அன்றைக்கு உடம்புக்கு முடியாமல் வீட்டில் நின்றிருந்தாள்.

"நோனா சொல்லல. எனக்கே தெரியும். செவுரு இருக்குன்னு பேரு" என்றாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எனக்கு ரெண்டாவது புள்ள பொறந்தப்ப ரெண்டு மாசம் பேச்சே வரல. நான் ஊமையாயிட்டேன்னு சொன்னாங்க. எனக்குப் பேச முடிஞ்சிச்சு. வாயத் தொறந்தா என்னா வரும்னு பயந்துக்கிட்டு பேசல. ஒனக்கும் அந்த மாதிரிதானே?"

அவள் என்ன பயந்தாள் என்று நான் கேட்கவில்லை. அவளும் என்னைக் கேட்கவில்லை. கத்திச் சண்டையைப் பற்றி மட்டும், "ஒம் புருசன் மன்னிப்பு கேட்டப்பவே எங்க ஆளு சொல்லிப்புட்டாரு, இதுல வேற என்னமோ இருக்குன்னு" என்றாள். அன்றைக்கு இரண்டு பேரும் பிள்ளையைக் குளிப்பாட்டினோம். தண்ணீரை அவள் ஊற்றினாள், நான் பிடித்துக்கொண்டேன். படம் வந்தது. "வருதா?" என்று கேட்டாள். "வருதுக்கா" என்றேன். "வரட்டும். புடிச்சுக்க" என்று அடுத்த செம்பை ஊற்றினாள்.

வேலைக்குத் திரும்பியபோது பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டேன். அங்கே பத்துப் பன்னிரண்டு தொட்டிலும் ஓர் ஆயாவும். அவளை அங்கே படுக்க வைத்துவிட்டு மலைக்கு ஏறும்போது எனக்கு வந்தது நிம்மதி. மற்றத் தாய்மாரெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு ஏறுவார்கள். நான் திரும்பாமல் ஏறினேன். அதற்காக நெடு நாள் என்னையே வெறுத்துக்கொண்டேன். டாக்டரிடம் சொன்னபோது, "மத்தியானம் பால் குடுக்கப் போறனீர்தானே?" என்று கேட்டார். போகிறேன் என்றேன். "ஓடியோ, நடந்தோ?" நான் யோசித்துப் பார்த்தேன். ஓடித்தான் போய்க்கொண்டிருந்தேன்.

பிள்ளைக்கு எட்டு மாதம் ஆனபோது வில்லையைக் குறைத்தார்கள். பத்தாவது மாதம் நிறுத்தினார்கள். ஒரு நாள் மாலை என் கணவர் மேட்டு லயத்துக்குப் போகாமல் கத்தியோடு நேரே வீட்டுக்கு வந்துவிட்டார். மழையில் மறந்து வந்தாரா, வேண்டுமென்றே வந்தாரா தெரியாது. கத்தியை மூலையில் சாத்தி வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். களைந்து முடித்தேன்.

நாலு வருஷம் கழித்து மறுபடி நாள் தள்ளிப் போனது. எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் அந்த வாரமே கால் ஓட ஆரம்பித்துவிட்டது. நோனாவிடம் ஓடலாமென்றால், அவள் நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு மாறிப் போய் ஒரு வருஷமாகியிருந்தது. புதிதாக வந்த மருத்துவிச்சி இளம் பெண். நான் சொன்னதைக் கேட்டு முகம் வெளுத்து, "அப்படியெல்லாம் நினைக்கக் கூடாது அக்கா, சாமியக் கும்பிடுங்க" என்றாள். அவள்மேல் கோபப்படவில்லை. அவள் வயதில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

மூன்றாம் மாதமே தனியாக ரயிலேறினேன். பழைய டாக்டரும் இல்லை. புது டாக்டர் மேசைக்கு முன்னால் வழக்கம் போல ஏழெட்டுப் பேர். என் முறை வந்ததும், எல்லோரும் கேட்கத்தான் சொன்னேன். "ஐயா, எனக்கு மொதப் புள்ளைக்கு மனசு வருத்தம் வந்து இந்த ஆஸ்பத்திரியிலதான் மருந்து எடுத்தேன். மறுபடி வந்திரும்னு பயமா இருக்கு. கூட்டம் போனதும் என்னைய தனியா பாக்கணும்." பக்கத்தில் நின்ற ஒருத்தி விலகிக்கொண்டாள். இன்னொருத்தி, கைப்பிள்ளையோடு நின்றவள், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் என் பழைய காட், மருந்து எழுதி வைத்த அட்டையை, தேடி எடுத்து வரச் சொன்னார். கூட்டம் போகும் வரை நான் வெளியே நடந்துகொண்டிருந்தேன். அந்தப் பெண்ணும் போகாமல் வாசலில் நின்றாள். ஏதாவது கேட்பாள் என்று நினைத்தேன். அவளுடைய ஆள் வந்து கூப்பிட்டதும் போய்விட்டாள். அவளை நான் கூப்பிட்டிருக்க வேண்டும். இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது.

அந்த வருஷந்தான் இரண்டு அரசாங்கமும் பேசி ஒப்பந்தம் போட்டு, யார் இங்கே, யார் இந்தியாவில் என்று பிரிக்க ஆரம்பித்தார்கள். லயத்தில் வேறு பேச்சே இல்லை. அங்கே போனால் சோறு கிடைக்கும் என்றார்கள், கிடைக்காது என்றார்கள். ஊரிலிருந்து அப்பா, நீங்களும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள் என்று எழுதியிருந்தார். என் கணவர் கடிதத்தை மடித்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"ஒங்க அம்மாகிட்ட போயிரலாமா? ஒனக்கு இந்த நேரத்துல தாய் பக்கத்துல இருந்தா நல்லதுதானே."

எனக்கு அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று எவ்வளவு ஆசை என்று அவருக்குத் தெரியும். இரண்டு நாள் வீட்டுக்கும் பீலிக்குமாக நடந்து யோசித்தேன். அங்கே எனக்கு அது வந்தால் யாரிடம் போவது? எந்த வரிசையில் நிற்பது? அம்மாவிடம் சொல்ல முடியுமா? முடியும் என்று சில நேரம் தோன்றியது. முடியாது என்றும் தோன்றியது. இங்கே எனக்கு ஒரு காட் இருந்தது, சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி இருந்தாள்.

"இப்ப வேணாங்க. புள்ள பொறந்து நான் தேறி வரட்டும்" என்றேன்.

பையன் பிறந்தான். ஐந்தாவது வாரம் படம் வந்தது. அது என்ன என்று இந்த முறை எனக்குத் தெரியும். தெரிந்தாலும் பயம் பயம்தான். அன்றைக்கே அக்காவிடம் சொன்னேன், மாலையில் கணவரிடம் சொன்னேன், வந்த சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். நாலு மாதத்தில் விட்டது. முழுதாக விட்டது என்று சொல்ல மாட்டேன். கைப்பிள்ளையோடு படியிறங்கினால் இன்றைக்கும் நான் சுவரோரமாகத்தான் இறங்குவேன்.

தேறி வந்த பிறகும் நாங்கள் இந்தியாவுக்குப் போக எழுதிக் கொடுக்கவில்லை. கடைசி நாள் நெருங்கியபோது இங்கேயே இருக்கிறோம் என்று விண்ணப்பப் பாரம் நிரப்பினோம். என் கணவர் எழுத, நான் பக்கத்தில் நின்று பிள்ளைகளின் பிறந்த நாளைச் சொன்னேன். அதற்குப் பதில் வரப் பல வருஷம் ஆனது. வருகிற வரைக்கும் தபால்காரர் லயத்துப் பக்கம் திரும்புகிற போதெல்லாம் வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி வந்து நின்றது நான் ஒருத்தி மட்டுமல்ல, லயமே அப்படித்தான் நின்றது.